கொட்டைக் கணக்கு

செல்லூர் மாநகராட்சிப் பள்ளி,
ஐந்தாம் வகுப்புச் சுவர் முழுக்கக் கேள்விகள் ஒட்டியிருந்தோம்.
கீழே பெஞ்சில் கேள்விக்கொரு பிளாஸ்டிக் டம்ளர்.
ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை.
எதை முதலில் ஆராயணும்னு தோணுதோ
அதில் போடுங்கள் என்றேன்.
ஓட்டு மாதிரியா, என்றார் ஆசியா பீவி.
ஆமாம்.
அப்ப காசு?
எல்லோரும் சிரித்தோம், சென்னையிலிருந்து வந்தவரைத் தவிர.
அவர்தான் பணம் தருகிறவர்.

இருபத்தொன்பது பேர். நூற்று நாற்பத்தைந்து கொட்டை.

இரும்புச்சத்து டானிக்கை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்,
தடுப்பூசித் தேதியை ஏன் தவறவிடுகிறார்கள்,
ஆறு மாதத்துக்கு முன்பே ஏன் தண்ணீர் புகட்டுகிறார்கள்.
எங்கள் கேள்விகள் எல்லாவற்றின் வாலிலும்
ஒரு ‘கிறார்கள்’ தொங்குவதை
அவர்கள் முன்னால் உரக்கப் படிக்கும்போதுதான் கேட்டேன்.

பாண்டீஸ்வரி எழுதச் சொன்னாள்:
“தறி ஓடுறப்ப தூங்குறான்.
கரண்டு போனா வீல்னு எந்திரிக்கிறான்.
பழகிருச்சா, இல்ல காதே போயிருச்சா?”
எழுதி ஒட்டினேன். புது டம்ளர் வைத்தேன்.
அவள் தெருவே அதில் கொட்டியது.

இதற்குள் ஒன்றரை வயசுப் பயல் ஒருவன்
டம்ளருக்குள் கைவிட்டு ஒன்றை வாயில் போட்டுவிட்டான்.
அவன் அம்மா விரலை விட்டுத் தோண்டி எடுத்து
ஜன்னல் வழியே எறிந்தாள், என்னைப் பார்த்தபடி.
குழந்தை நலக் கூட்டம்.
புளியங்கொட்டை என் யோசனை.

கடைசி பெஞ்சில் ஒரே ஓர் ஆண், இருளப்பன்.
மனைவிக்கு ஜவுளிக்கடையில் லீவு கிடைக்கவில்லை,
அதனால் வந்தவர்.
ஐந்தையும் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.
எல்லோரும் போட்டு முடித்த பிறகு
என்னிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னார்,
ஆனால் அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று,
தெருத் தறிகள் ஒரேயடியாக நின்றன,
எல்லோருக்கும் கேட்டுவிட்டது:

“ராத்திரி பாப்பா அழுதா எனக்குக் கை நடுங்குது.
அடிச்சிருவேனோன்னு வெளியே போயிர்றேன்.
முக்குல நிக்கிறேன், அழுகை நிக்கிற வரைக்கும்.
போறது சரியா, தப்பா?
அதைப் படிச்சிருக்காங்களா யாராச்சும்?”

யாரும் அவரைத் திட்டவில்லை.
ரொம்ப நேரம் கழித்துப் பாண்டீஸ்வரிதான்,
“நீங்க வெளியே போயிர்றீங்க.
நாங்க எங்க போறது?” என்றாள்.
சண்டையாகச் சொல்லவில்லை. விசாரிப்பதுபோலச் சொன்னாள்.

எதுல போடணும்னு தெரியல என்று
ஐந்தையும் என் கையில் கொடுத்துவிட்டு
பாப்பாவுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.
கொட்டைகள் வேர்வையில் நனைந்திருந்தன.

பத்துக் கேள்விக்குத்தான் பணம்.
வீட்டில் தரையில் கொட்டி எண்ணினேன்.
பத்தாவது இடத்தில் டானிக், நான்கு கொட்டையோடு.
‘தந்தையரின் மன அழுத்த மேலாண்மை’ என்று
இருளப்பன் கேள்வியைத் தட்டச்சு செய்து பார்த்தேன்.
அடித்து முடித்ததும் அதற்குள் அந்த ஆள் இல்லை.
அழித்துவிட்டு
அவர் சொன்னதையே போட்டேன், பாண்டீஸ்வரி சொன்னதையும் சேர்த்து.

ஐந்தையும் இதில் வைத்தால் டானிக் வெளியே போகும்.
டானிக்கும் பொய்யில்லை.
அந்தத் தெருப் பிள்ளைகளின் கீழ் இமையை
இழுத்துப் பார்த்திருக்கிறேன். வெளுத்த சுண்ணாம்பு.
அதை எண்ணி எண்ணி இரண்டு முறை எடுத்தேன், வைத்தேன்.

சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு.
என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது
மொட்டைமாடிப் படியில் கதவைச் சாத்திக்கொண்டு
இருநூறு வரை எண்ணியிருக்கிறேன்.
எத்தனை ராத்திரி என்று கணக்கில்லை.
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.

அறிக்கையில் ‘மொத்தம்’ என்ற இடத்தில்
நூற்று நாற்பத்து நான்கு என்று அடித்தேன்,
பயல் வாயில் போட்டதை மட்டும் கழித்து.